காஷன் என்றோர் ஆங்கிலச் சொல்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை. பேசியபடியே, சில இடங்களை மட்டும் சற்று விரித்து எழுதியிருக்கிறேன்.)



மதியச் சாப்பாட்டில் பாயசம் இரண்டாம் முறையும் வந்தது. அதற்கப்புறம் பேச வருகிறவன் சுருக்கமாகப் பேச வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சங்கச் செயலாளர் கேட்டது, "வேலைக்குப் போகப் போற பிள்ளைங்களுக்கு உபயோகப்படற மாதிரி இங்கிலீஷைப் பத்தி ஏதாவது சொல்லுங்க" என்று. நான் மெக்கானிக்கல் ஆசாமி. ஆங்கில இலக்கணத்தில் எனக்கு அரியர் இல்லை என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது. அதனால் ஒரே ஒரு வார்த்தையைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். நாம் எல்லோரும் காசு கொடுத்து வாங்கிய வார்த்தை அது. காஷன். காஷன் டெபாசிட்டில் வருமே, அந்தக் காஷன்.

சேரும்போது அட்மிஷன் ரசீதில் அதுவும் ஒரு வரியாக இருந்தது. என் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "டியூஷன் ஃபீஸ் தெரியுது, லைப்ரரி ஃபீஸ் தெரியுது, இது என்னடா காஷன்?" என்றார். கவுன்டரில் இருந்தவர், "எச்சரிக்கைப் பணம் சார், திரும்ப வரும்" என்றார். எச்சரிக்கைக்கு எதற்குப் பணம் என்று அப்பாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. எனக்கும்தான். நாலு வருஷம் கழித்துப் பணம் திரும்ப வந்தபோது கொஞ்சம் குறைந்திருந்தது. கூடவே ஒரு சீட்டு. "பியூரெட் – 1" என்று எழுதி, விலை போட்டு, கெமிஸ்ட்ரி லேப் முத்திரை குத்தியிருந்தது. முதல் வருஷம் நான் உடைத்ததுதான். மறந்தே போயிருந்தேன். அவர்கள் மறக்கவில்லை.

அகராதியைப் புரட்டினால் கவுன்டர்க்காரர் சொன்னது பாதிதான் சரி என்று தெரிகிறது. லத்தீனில் 'கவேரே' என்று ஒரு வினை. காத்துக்கொள், பார்த்து நட என்று பொருள். அதிலிருந்து 'கவுட்டியோ'. ரோமானியச் சட்டத்தில் இந்தச் சொல்லுக்குப் பிணை, ஜாமீன், எழுதிக் கொடுத்த உறுதி என்று அர்த்தம். பிரெஞ்சு வழியாக 1300-ஐ ஒட்டி ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது காஷன் என்றால் ஜாமீன்தான். 'கவனமாக இரு' என்ற அறிவுரைப் பொருள் ஏறியது 1600 வாக்கில். ஆக, நம் கல்லூரி ரசீதில் இருப்பது எழுநூறு வருஷத்துப் பழைய பொருள். பிரெஞ்சுக்காரர்கள் வாடகை வீட்டுக்குக் கொடுக்கிற அட்வான்ஸை இன்றைக்கும் இந்தச் சொல்லால்தான் சொல்கிறார்கள். ஸ்காட்லாந்துச் சட்டத்தில் பிணைக்கு இதே எழுத்துக்கள், உச்சரிப்பு மட்டும் 'கேஷன்'. சட்டம் படித்தவர்கள் யாராவது இருந்தால் 'கேவியட்' மனுவை நினைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று முன்கூட்டியே கோர்ட்டில் போட்டு வைக்கிற மனு. சிவில் நடைமுறைச் சட்டத்தில் 1976 திருத்தத்தில் 148-ஏ பிரிவாக வந்தது, 90 நாள் செல்லும். அதுவும் அதே 'கவேரே' குடும்பம்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்தச் சொல் பிறந்தபோது வெறும் வாய்வார்த்தையாகப் பிறக்கவில்லை. கையிலிருந்து ஏதாவது ஒன்றைக் கீழே வைத்தால்தான் அது காஷன். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

அடுத்து 'கேர்ஃபுல்'. காஷனுக்கு அக்கா தங்கை மாதிரி இதைச் சொல்கிறோம். பிறப்பு வேறு. பழைய ஆங்கிலத்தில் 'கேர்' என்றால் துக்கம், கவலை. கேர்ஃபுல் என்றால் துக்கம் நிறைந்தவன். 1611-இல் வந்த ஆங்கில பைபிளில், பிலிப்பியர் நிருபத்தில், கவலைப்படுவது என்ற பொருளில்தான் கேர்ஃபுல் வருகிறது. அது தெரியாமல் இன்று படிப்பவன், எதற்கும் கவனமாக இருக்காதே என்று பைபிள் சொல்வதாக நினைத்துத் திகைப்பான். லத்தீனில் 'கூரா' என்று இன்னொரு சொல் உண்டு. அக்கறை, கவலை என்று அதற்கும் பொருள். ஆனால் கேரும் கூராவும் உறவில்லை, ஒலி ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். கூராவிலிருந்து வந்ததுதான் நம் 'அக்யூரேட்'. அக்கறையோடு செய்தது அக்யூரேட். அதே கூராவிலிருந்து 'செக்யூர்'. 'சே' என்றால் இல்லாமல். கவலை இல்லாமல் இருப்பது செக்யூர்.

இந்த செக்யூரைப் படித்தபோது எனக்குச் சொந்த ஊர் ஞாபகம் வந்தது. நான் பக்கத்திலுள்ள கூரத்துக்காரன். கூரத்தாழ்வான் பிறந்த ஊர். ராமானுஜரின் முதன்மைச் சீடர், 11-ஆம் நூற்றாண்டு. அவர் பெரிய செல்வந்தர், எல்லாவற்றையும் விட்டுவிட்டு மனைவி ஆண்டாளோடு ஸ்ரீரங்கத்துக்கு நடந்தார் என்பது வைணவர்கள் சொல்லும் வரலாறு. வழியில் காடு, இருட்டு. அந்த அம்மாள், வழியில் பயம் ஏதும் உண்டா என்று கேட்கிறார். மடியில் ஏதாவது இருந்தால்தானே பயம், என்ன வைத்திருக்கிறாய் என்கிறார் இவர். அவர் சாப்பிடுவதற்கென்று ஒரு பொன் வட்டிலை மட்டும் அந்த அம்மாள் எடுத்து வந்திருந்தார். அதை வாங்கிக் காட்டுக்குள் வீசிவிட்டு, இனிமேல் பயமில்லை, வா என்று நடந்தாராம். எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த கதை. லத்தீன்காரன் 'சே' என்றும் 'கூரா' என்றும் இரண்டு துண்டை ஒட்டிச் செய்த வார்த்தையை இவர் ஒரு வீச்சில் செய்துவிட்டார். ஆண்டாளம்மா கேர்ஃபுல். ஆழ்வான் செக்யூர். (அந்த அம்மா பக்கமும் நியாயம் உண்டு. நடந்து களைத்தவனுக்கு எதில் சோறு போடுவது?)

கூடப்படிக்கும் பிள்ளைகளுக்கு உபயோகமாக நாலு வார்த்தை. கேர்ஃபுல்லும் காஷியஸும் ஒன்றல்ல. கேர்ஃபுல்லாக வண்டி ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறான், வேகமாகவும் ஓட்டலாம். காஷியஸாக ஓட்டுகிறவன் எதற்கும் இருக்கட்டும் என்று மெதுவாக ஓட்டுகிறான். பராக்குப் பார்த்துக்கொண்டும் ஓட்டலாம். உங்கள் எஸ்டிமேட்டை மேலதிகாரி கேர்ஃபுல் என்றால் பாராட்டு. காஷியஸ் என்றால், பயந்து குறைத்துப் போட்டிருக்கிறாய் என்று அர்த்தமாகவும் இருக்கலாம். 'ஹி வாஸ் காஷண்ட்' என்றால் அவன் ஜாக்கிரதையாக இருந்தான் என்று அர்த்தமில்லை, அவனைக் கூப்பிட்டு எச்சரித்து அனுப்பினார்கள் என்று அர்த்தம். ஃபுட்பாலில் மஞ்சள் அட்டை காட்டுகிறார்களே, 1970 உலகக் கோப்பையிலிருந்து, அதற்கு விதிப்புத்தகத்தில் உள்ள பெயர் காஷன்தான். தொழிற்சாலைப் பலகைகளிலும் ஒரு படிவரிசை உண்டு. அமெரிக்கத் தரப்படி டேஞ்சர் என்று எழுதினால், தவிர்க்காவிட்டால் சாவு அல்லது பலத்த காயம் நிச்சயம். வார்னிங் என்றால் அதே சாவும் காயமும், நேரலாம். காஷன் என்றால் சிறிய அல்லது நடுத்தரக் காயம் நேரலாம். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள். நாம் மூன்றுக்கும் 'எச்சரிக்கை' என்று ஒரே பெயிண்ட் டப்பாவைத் திறக்கிறோம்.

தமிழில் சொல் இல்லாமல் இல்லை. இருக்கிற சொல்லெல்லாம் எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்தவை, அதுதான் வேடிக்கை. ஜாக்கிரதை சமஸ்கிருதத்தில் விழித்திருப்பது. உஷார் பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானி வழியாக வந்தது. எச்சரிக்கை தெலுங்கில் ஹெச்சரிக. ராஜா வரும்போது முன்னே போகிறவன் கூவுவது. ராமனை எச்சரிக்கையாக நடந்து வரச் சொல்லி தியாகராஜர் யதுகுல காம்போதியில் ஒரு கீர்த்தனையே செய்திருக்கிறார். தெற்கத்திக்காரர்கள் 'சூதானமா இரு' என்பார்கள், அது சாவதானம் தேய்ந்தது. 'பராக்' என்பது இன்னும் விசித்திரம். கட்டியக்காரன் 'பராக்' என்றால் கவனி என்று பொருள். வாத்தியார் 'என்னடா பராக்கு' என்றால் நீ கவனிக்கவில்லை என்று பொருள். 'நாய் ஜாக்கிரதை' என்று கேட்டில் தொங்குகிறதே, அதைப் புதிதாகத் தமிழ் படிக்கிறவன் பார்த்தால், நாய் ஜாக்கிரதையாக இருக்கிறது, பயமில்லாமல் உள்ளே போகலாம் என்றுதான் எடுத்துக்கொள்வான்.

எனக்குப் பிடித்தது இதிலெல்லாம் சேராத, நம் வீட்டு 'பார்த்து'. 'பார்த்து வாடா.' அம்மா அதோடு நிறுத்தவும் மாட்டாள். 'பார்த்து, படி வழுக்கும்' என்பாள். கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது.

இப்போது சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இதுவரைக்கும் சொன்னது அகராதி. இனிமேல் சொல்லப் போவது நான் இந்த வார்த்தையை எப்படி உபயோகித்தேன் என்பது.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். ஒரு தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் இன்ஜினியர். பெயர் வேண்டாம். பேக்கிங் பகுதியில் ஒரு கன்வேயர் பெல்ட் அடிக்கடி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். ஒருநாள் செகண்ட் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் மறுபடி இழுத்தது. கடைசி ரோலரை மூடியிருக்கும் கவரைக் கழற்றி, பெல்ட்டைச் சரிசெய்தோம். திரும்பக் கவரை மாட்டப் போனால் இரண்டு இடத்தில் மரை போய்விட்டது, போல்ட் பிடிக்கவில்லை. ஸ்டோரைப் பூட்டிவிட்டார்கள். லாரி வாசலில் நிற்கிறது. புரொடக்‌ஷன்காரர்கள் மணிக்கு நாலு தடவை வந்து கேட்கிறார்கள். காலையில் போட்டுக்கொள்ளலாம் என்று கவரைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, பெல்ட்டை ஓடவிட்டேன். கவர் இல்லாமல் ஓட்டக்கூடாது என்பது விதி. எனக்குத் தெரியும்.

லாக் புக்கில் எழுத வேண்டும். கவர் மாட்டவில்லை என்று எழுதினால், பிறகு ஏன் ஓட்டினாய் என்று மறுநாள் கேள்வி வரும். எழுதாமல் விட்டால் மனசு கேட்கவில்லை. அப்போதுதான் இந்த நல்ல ஆங்கில வார்த்தை கைகொடுத்தது. கன்வேயர் சரிசெய்யப்பட்டு ஓட்டத்தில் உள்ளது, 'எக்ஸர்சைஸ் ட்யூ காஷன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதியபோது எனக்கு ஒரு திருப்தி கூட வந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். உண்மையைச் சொன்ன மாதிரியும் இருந்தது, சொல்லாத மாதிரியும் இருந்தது.

நைட் ஷிஃப்டில் ரோலருக்கு அடியில் கொட்டியிருந்த பவுடரைக் கூட்டி எடுக்கப் போன ஹெல்பர் ஒருவரின் கை, பெல்ட்டுக்கும் ரோலருக்கும் நடுவே போய்விட்டது. வலது கையில் இரண்டு விரல்கள்.

விசாரணை நடந்தது. லாக் புக் வந்தது. என் வரியை ஒருவர் சத்தமாகப் படித்தார். "இன்ஜினியர் காஷன் பண்ணியிருக்கார்" என்றார். என்னிடம் யாரும் வேறு கேள்வி கேட்கவில்லை. நானும் எழுந்து எதுவும் சொல்லவில்லை. தொழிலாளியின் கவனக்குறைவு என்று அறிக்கை முடிந்தது. அவரோ தமிழே எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர். லாக் புக் இருப்பது சூப்பர்வைசர் அறையில்.

இரண்டு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி டீ கொடுத்தார். ரொம்ப நேரம் எதை எதையோ பேசினோம். பிறகு அவராகக் கேட்டார்.

"சார், நீங்க முன்னாடியே புக்குல எழுதியிருந்தீங்களாமே. என்ன சார் எழுதியிருந்தீங்க?"

தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. "ஜாக்கிரதையா வேலை பார்க்கணும்னு எழுதியிருந்தேன்ணே."

அவருக்குக் கோபம் வரவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். "அது எனக்குத் தெரியாதா சார்? பதினெட்டு வருஷமா ஜாக்கிரதையாத்தானே பார்த்தேன். கவர் மாட்டலேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேனே."

மறுநாளே போய் அறிக்கையைத் திருத்தச் சொன்னேன் என்று உங்களிடம் சொல்ல எனக்கு ஆசைதான். சொல்லவில்லை. ஆறு மாதத்தில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டேன். இன்றைக்குத்தான் முதல்முதலாக நாலு பேர் முன்னால் இதைச் சொல்கிறேன். மலரில் அச்சாகும் என்று தெரிந்தே சொல்கிறேன்.

அதற்கப்புறம்தான் இந்த வார்த்தையைத் துரத்த ஆரம்பித்தேன். ரயில்வேயில் இருக்கும் என் வகுப்புத் தோழன் ஒருவன் — முன் வரிசையில்தான் இருக்கிறான், கையைத் தூக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன் — அவனிடம் ஒருநாள் புலம்பியபோது அவன் சிரித்தான். "எங்க ஆபீஸ்ல காஷன் ஆர்டர்னே ஒரு ஃபாரம் இருக்குடா. அதுல நீ எழுதின மாதிரி எழுதினா டிரைவர் வாங்கவே மாட்டார்" என்றான்.

காஷன் ஆர்டர் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். தண்டவாளத்தில் வேலை நடக்கிறது, அல்லது பாலம் ஒன்று பலவீனமாக இருக்கிறது, வண்டி வழக்கமான வேகத்தில் போகக்கூடாது என்றால், ஸ்டேஷனில் லோகோ பைலட் கையில் கொடுக்கிற தாள். ரயில்வேயின் பொது விதியே அதில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. எந்தக் கிலோமீட்டரிலிருந்து எந்தக் கிலோமீட்டர் வரை, என்ன காரணம், எவ்வளவு வேகம். மூன்றும் வேண்டும். அதோடு தாளை நம்பி விட்டுவிடுவதில்லை. அந்த இடம் வருவதற்கு வெகு முன்னாலேயே மீன்வால் மாதிரி நுனி பிளந்த மஞ்சள் பலகை நிற்கும். அப்புறம் வேகத்தை எழுதிய பலகை. கடைசியில் 'டி/பி', 'டி/ஜி' என்று இரண்டு பலகை, பாசஞ்சருக்கு ஒன்று, கூட்ஸுக்கு ஒன்று. பழுதான இடத்தை இன்ஜின் தாண்டினால் போதாது, கடைசிப் பெட்டியும் தாண்ட வேண்டும் அல்லவா? அதனால் வண்டியின் நீளத்தைக் கணக்குப் பண்ணித் தள்ளி நடுகிறார்கள். எச்சரிக்கை எங்கே முடிகிறது என்பதற்குக்கூட ஒரு பலகை! இதைக் கேட்டபோது எனக்கு அசந்துபோய்விட்டது. என் 'ட்யூ காஷன்' எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது? யாருக்கு? எதற்கு? அதில் இருந்தது என் கையெழுத்து மட்டும்தான்.

இன்னொன்றும் அவன் சொன்னான். ரயில்வேயில் மஞ்சள் விளக்குக்குக் காஷன் என்று பெயர். நில் என்று அர்த்தமில்லை. போ, ஆனால் அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராகப் போ என்று அர்த்தம். அடுத்த சிக்னல் என்ன சொல்லப் போகிறது என்று தெரிந்தவன் கொடுக்கிற தகவல் அது. டிரைவருக்கு உபதேசம் இல்லை.

அந்த வருஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கூரத்தில் ஆழ்வான் சன்னிதி உள்ள ஆதிகேசவப் பெருமாள் கோயிலைத் தவிரப் பல்லவர் காலத்துச் சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. முதலாம் பரமேசுவரவர்மன் கட்டியது, ஏழாம் நூற்றாண்டு. வித்யாவிநீத பல்லவ பரமேச்சுர கிருகம் என்று பெயர். அதைப் பற்றிய கூரம் செப்பேடுகளை ஹூல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1890-இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் பதிப்பித்தார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு அது போர்ச் செய்திக்காகத் தெரியும்: சாளுக்கிய விக்கிரமாதித்தன், பெருவளநல்லூர், இத்யாதி. எனக்குக் கண்ணில் பட்டது வேறு. கோயிலுக்காகப் பரமேச்சுரமங்கலம் என்ற ஊரைக் கொடுக்கிறான் ராஜா. கொடுத்து, கோயிலை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடவில்லை. ஊரை 25 பங்காக்குகிறான். இருபது பங்கு நான்மறை கற்ற இருபது பேருக்கு. மிச்சம் ஐந்தில் மூன்று பங்கு பூசைக்கும், கோயிலைப் பழுது பார்ப்பதற்கும். ஒரு பங்கு மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் தர. ஒரு பங்கு அங்கே பாரதம் படிக்க.

பழுது பார்க்கப் பங்கு! புதுக் கட்டடம் திறக்கிற அன்றைக்கே மெயின்டெனன்ஸ் பட்ஜெட் ஒதுக்குகிறவனை நான் உத்தியோகத்தில் இதுவரை ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. ஏழாம் நூற்றாண்டில், எங்கள் ஊரில் ஒருவன் அதைச் செம்பில் வெட்டி வைத்திருக்கிறான். தண்ணீரும் நெருப்பும் யாரோ கொண்டுவருவார்கள் என்று விடவில்லை, அதற்கும் ஒரு பங்கு. முதலில் சொன்னேனே, கையிலிருந்து ஒன்றைக் கீழே வைத்தால்தான் காஷன் என்று. ரோமானியச் சட்டம் படிக்காமலே ராஜா அதைச் செய்திருக்கிறான்.

ராஜாவை விடுங்கள். என் பெரியப்பா கூரத்தில் பட்டுத்தறி போட்டிருந்தார். குழித்தறி. கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓடும், உடம்புக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். ஓரத்து நாடாவைப் போட்டு வாங்கப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். பள்ளிக்கூட லீவில் சில நாள் என்னை உட்கார வைப்பார். பட்டுப் பாவு, எவ்வளவு விலை. பக்கத்தில் பத்து வயசுப் பையன். வேறு யாராக இருந்தாலும் நூறு தடவை 'ஜாக்கிரதை' என்றிருப்பார்கள். பெரியப்பா ஒருநாளும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. "நகத்தை வெட்டிட்டு வா" என்பார். வெட்டிவிட்டுப் போய்க் கையை நீட்டினால், விரல் நுனியை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார். சொரசொரப்பு இருந்தால், "போய் கையைக் கழுவி எண்ணெய் தொட்டுத் துடைச்சிட்டு வா." அவ்வளவுதான். நகம் இழையில் மாட்டினால் பட்டு அறுந்துவிடும். காரணம் இது, செய்ய வேண்டியது இது. அதைச் செய்துவிட்டால் அப்புறம் பையன் பராக்குப் பார்த்தாலும் அவருக்குக் கவலையில்லை.

இப்போது என் ஷிஃப்ட் லாக் புக்கில் காஷன், கேர்ஃபுல், ஜாக்கிரதை, கவனம் எதையும் எழுத நான் விடுவதில்லை. இளைய இன்ஜினியர்கள் முதலில் சிரித்தார்கள். எது கழன்றிருக்கிறது, எந்த இடம், எப்போது சரியாகும், யார் யாரிடம் நேரில் சொன்னீர்கள், இதை எழுதச் சொல்கிறேன். தமிழில் எழுதுகிறார்கள், சிலர் ஹிந்தியில் எழுதுகிறார்கள், படம் போட்டுக்கூட எழுதுகிறார்கள். எழுத முடியாத விஷயமாக இருந்தால், எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று தோன்றினால், மெஷினை நிறுத்திவிடுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இதனால் இரண்டு தடவை லாரி காலியாகத் திரும்பியிருக்கிறது. அதற்கான திட்டையும் வாங்கியிருக்கிறேன். திட்டு வாங்கிய அன்று அந்த அண்ணனை நினைத்துக்கொள்வேன்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். இன்று காலை நம் ஒர்க்‌ஷாப்புக்குள் போய்ப் பார்த்தேன். லேத்துக்கு மேலே நான் படித்தபோது இருந்த அதே மஞ்சள் பலகை. காஷன் என்று பெரிதாக ஆங்கிலத்தில் இருக்கிறது, அடியில் ஒன்றுமில்லை. அங்கே நின்ற மூன்று மாணவர்களிடம், இது எதற்கு என்று கேட்டேன். ஒருவர் கரண்ட் என்றார். ஒருவர் கண்ணாடி போட வேண்டும் என்பதற்காக என்றார். ஒருவர், சும்மா மாட்டியிருக்காங்க சார் என்றார். நான் படித்த நாலு வருஷமும் எனக்கும் தெரியாது. அப்போதிருந்த இன்ஸ்ட்ரக்டர் ஐயா இன்று வந்திருக்கிறார். சாப்பாட்டுப் பந்தியில் அவரிடமே கேட்டேன். "சக் கீயை சக்குலேயே விட்டுட்டு ஒரு பையன் மெஷினைப் போட்டுட்டாம்ப்பா. சாவி பறந்து வந்து சுவத்துல அடிச்சுது. யார் மேலயும் படல. மறுநாளே அந்தப் பலகையை மாட்டினோம்" என்றார்.

பலகையில் காஷனுக்கு அடியில் ஒன்றரை அடி இடம் காலியாக இருக்கிறது. அளந்து பார்த்துவிட்டேன். 'சக் கீயைக் கையில் எடுத்த பிறகு சுவிட்சைப் போடு' என்று தமிழில் எழுதத் தாராளமாகப் போதும். முதல்வர் அவர்கள் அனுமதி கொடுத்தால் பெயிண்டுக்கு நான் பணம் கட்டிவிடுகிறேன். எழுதுவதற்கு அந்த மூன்று மாணவர்களில், சும்மா மாட்டியிருக்காங்க என்று சொன்னாரே, அவரைக் கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்து நன்றாக இருக்குமாம், நண்பர்கள் சொன்னார்கள்.